நிலை வைக்காத வாசல்

ஜோகுபாளையத்தில் எங்கள் மனைக்குக் கடைக்கால் தோண்டிய பங்குனியில், நான் முழுகாமல் இருப்பது எனக்கே தெரியாது. தெரிந்தபோது சந்தோஷப்படவில்லை, பயந்தேன். வீட்டில் ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தால் கட்டுகிற வேலையை நிறுத்திவிட வேண்டும், வாசலுக்கு நிலை வைக்கவே கூடாது என்பது என் மாமியாரின் கட்சி. வயிற்றில் இருப்பதற்கு ஆகாதாம்.

எனக்கோ அந்த வீடு எழும்பியாக வேண்டும். அல்சூரில் நாங்கள் குடியிருந்த வாடகை அறை ஒரு குதிரை லாயத்தின் பின்சுவரோடு ஒட்டியது. ஜன்னல் கிடையாது. மழைக்காலத்தில் சுவரைத் தொட்டால் கை நனையும். என் மூத்த பிள்ளை அங்கேதான் இருமி இருமிப் பத்தாவது மாதத்தில் போனான். இன்னொன்றை அந்தச் சுவருக்குப் பக்கத்தில் கிடத்த என்னால் ஆகாது. அதனால் வாயைத் திறக்கவில்லை.

வாயை மூடினால் போதுமா? மாதா மாதம் மூன்று நாள் ஒதுங்க வேண்டுமே! சித்திரையில் பொய்யாகவே ஒதுங்கி உட்கார்ந்தேன். தனித் தட்டு, தனிப் பாய். வைகாசியிலும் அதே நாடகம். மாமியார் எட்ட நின்று தள்ளிய சோற்றைக் குமட்டலோடு சேர்த்து விழுங்கினேன். சாமிக்குத் தெரியாதா?

மற்ற நாட்களில் மனைக்கு ஓடுவேன். கடைக்காலில் கருங்கல் இறங்கியது. சுண்ணாம்புக் கலவை போட்டார்கள். தரைக்கு மேல் முழங்கால் உயரம் வந்தது. இன்னும் சீக்கிரம் ஆகாதா என்று நான் நச்சரிக்க, மேஸ்திரி சலித்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது, தோசையா சுடறேன்? கல்லு உக்கார வேணாவா?"

அடுத்தது நிலைதான். புரோகிதர் ஆனியில் ஒரு நாள் குறித்துக் கொடுத்தார். அதைக் கேட்டதும் மாமியார் விரலை மடக்கி எண்ணினார்.

"அன்னிக்கு இவளுக்கு ரெண்டாம் நாளாச்சே. நான் தாலியறுத்தவ. நிலைக்கு மஞ்ச குங்குமம் இவதானே வைக்கணும்? ஆவணிக்குத் தள்ளிப் போடுங்க."

ஆனியை விட்டால் ஆடி. ஆவணி வரைக்கும் வயிறு சும்மா இருக்குமா?

"அன்னிக்கு நான் உக்கார மாட்டேன் அத்தே," என்று சொல்லிவிட்டேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பார்த்தார். "அடிப்பாவி! இதுல கூடவா பொய்யி?" என்றவர் மகனிடம் திரும்பி, "மேஸ்திரிய அனுப்பிடு," என்றார்.

என் கணவர் அம்மா பேச்சைத் தட்டாதவர். அன்றைக்கே வேலையை நிறுத்தினார். அப்படி ஒரு கோபம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததே இல்லை.

"வீடு கட்டத்தானே கூடாது? மனையில குடியிருக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"

பாயைச் சுருட்டிக்கொண்டு போய், மனையில் சுண்ணாம்பு மூட்டைகள் வைத்திருந்த கீற்றுக் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டேன். கணவர் பின்னாலேயே வந்து மானம் போகிறது என்று கெஞ்சினார். போகட்டும் என்றேன்.

மறுநாள் காலையில் இடுப்பில் சோற்றுப் பானையோடு மாமியார் வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நான் முறைத்துக்கொண்டு இருந்தேன். அவர் பானையை இறக்கி வைத்தார்.

"பறிகொடுத்தவ நீ ஒருத்தி மட்டுமா? என் மடியிலதானே அவன் உசுரு போச்சு. அதான்டி எனக்குப் பயம்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் பாய் விரிக்க இடம் பண்ணச் சுண்ணாம்பு மூட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுக்கத் தொடங்கினார்.

மார்கழியில் அந்தக் கொட்டகையில்தான் மகள் பிறந்தாள். வெயில் ஏறியதும் அவளைத் தூக்கிக்கொண்டு நானும் மாமியாரும் நிலை வைக்காத வாசலில் போய் உட்காருவோம். அவள் ஒரு தடவை இருமினால் போதும், இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அடுத்த இருமலுக்குக் காத்திருப்போம்.