மாமாவின் ஆட்டோவும் அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சும்

கயல், இனியா... உங்கள் செல்வம் மாமா விலைபோகவில்லை. அன்றைக்குக் கட்சியைக் கைவிட்டவன் நான்தான். உங்கள் அப்பா!

மாமா ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம், "சவாரி ஜாஸ்தி" என்பேனே, அது பொய். நான் பத்தாவதோடு நின்றவன், கோவையாக எழுத வராது. ஆனால் இதை வாயால் சொல்லத் தைரியம் இல்லை.

நம்முடையது சின்னக் கட்சி. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு புதுச் சின்னம் தருவார்கள். போன தடவை இஸ்திரிப்பெட்டி. ஊர் ஊராகப் போய்ச் சொன்னால்தான் ஜனங்களுக்குத் தெரியும். குமராட்சிக்கு அப்பால் நான்கு ஊர்களை எனக்கும் செல்வத்துக்கும் ஒதுக்கினார்கள். வண்டி அவனுடைய ஆட்டோ, மைக் நான். பர்மிஷன் அந்த ஒரே ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணிவரை மட்டும்.

அன்றுதான் புது சீசனில் நம் அணிக்கு முதல் பகல் ஆட்டம்!

முதல் ஊருக்குத் திரும்பும் முனையில், ஒரு கொட்டகையில் பெரிய டிவி வைத்திருந்தார்கள். கூச்சல் ரோடுவரை கேட்டது. அது பெரிய கட்சியின் கிளைச் செயலாளர் வீடு. வாசலிலேயே கொடி பறந்தது. தெரிந்துதான் இறங்கினேன்.

"வாணாம் மாமா. நாலு ஊரு கெடக்கு," என்றான் செல்வம்.

"ரெண்டே ஓவர்டா மச்சான். வண்டிய ஓரமா போடு."

இரண்டு ஓவரா? கடைசி ஓவரில் மூன்று சிக்ஸர் பறந்தபோது, பக்கத்தில் நின்ற அந்தக் கட்சிக்காரரையே கட்டிப்பிடித்துக் குதித்தேன்! என் தோளில் கிடந்த கட்சித் துண்டு கீழே விழுந்ததுகூடத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால்... எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நான் மனம்விட்டுச் சிரித்த நாள் அது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

செல்வம் மூன்று முறை எட்டிப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறான். நான் வெளியே வந்தபோது மணி ஏழைத் தாண்டியிருந்தது. இனி மைக்கைத் தொடக்கூடாது. ஒரு ஊருக்கும் போகவில்லை.

"கேட்டா இன்னா சொல்லுவ மாமா?"

"முடிச்சாச்சுன்னு சொல்லிக்கலாம். எவன் பாக்கப் போறான்?"

எவனோ பார்த்திருந்தான். யாரென்று இன்றுவரை தெரியாது. நம் கொடி கட்டிய ஆட்டோ அந்த வீட்டு வாசலில் நிற்பதும், செல்வம் அதில் உட்கார்ந்திருப்பதும் படமாகக் கட்சியின் வாட்ஸாப் குழுவுக்கு வந்தது. படத்தில் நான் இல்லை. நான்தான் உள்ளே இருந்தேனே!

தேர்தல் முடிந்தது. அந்த நான்கு ஊர்களிலும் இஸ்திரிப்பெட்டிக்கு விழுந்த ஓட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். கடலூர் ஓ.டி.யில், அதுதான் ஓல்டு டவுனில், கட்சிக் கூட்டம் போட்டார்கள். மாவட்டச் செயலாளர் அந்தப் படத்தை நீட்டினார்.

"இன்னா செல்வம், அவுங்க வூட்டு டீ இனிச்சுதா? எப்பத்துலேர்ந்து அந்தப் பக்கம்?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ எங்கய்யா போன?" என்றார்.

பிள்ளைகளே, கட்சியில் ஆட்களைச் சந்தேகப்படுவதே என் வேலை. எவன் எந்தக் கடையில் எவனோடு நின்றான் என்று அவரிடம் போய்ச் சொல்பவன் நான். அதனாலேயே என்னை ஒருவரும் சந்தேகிக்கவில்லை.

"சொரம்ணே. பாதியிலயே மினி பஸ் ஏறிட்டேன். அவன் போயிருப்பான்னு நெனச்சேன்..."

செல்வம் என்னைப் பார்த்தான். அவன் வாயைத் திறந்திருந்தால் போதும், என் வேஷம் கலைந்திருக்கும். திறக்கவில்லை. ஏன்? தன் அக்காவுக்காகவா? அல்லது, என்றைக்காவது சொல்லலாம் என்று பத்திரமாக வைத்திருக்கிறானா?... பாருங்கள், இப்போதும் அவனைத்தான் சந்தேகப்படுகிறேன்!

அன்றே அவனை நீக்கினார்கள். அந்த வாரமே யாரோ அவன் ஆட்டோவின் பின்பக்கம் கறுப்புப் பெயின்ட்டில் 'துரோகி' என்று எழுதிவிட்டார்கள்.

உங்கள் அம்மாவுக்குத் தெரியுமா? மேட்ச் வந்தால் ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது எதனால்?

இந்த வருடமும் சீசன் தொடங்கிவிட்டது. முதல் ஆட்டத்துக்கு நீங்கள் இரண்டு பேரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன்.

மறுநாள் தனியாகச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஆட்டோ நின்றது, செல்வம் டீ குடிக்கப் போயிருந்தான். வண்டியின் பின்னால் ஒரு ஃபிளெக்ஸைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி கயிறு போட்டுக் கட்டியிருந்தான். ஒரு முனையை அவிழ்த்துத் தூக்கினேன். பெட்ரோலில் நனைத்து எடுத்துப் போயிருந்த துணியால் அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். துணி கறுத்தது. எழுத்து வெளுத்தது, ஆனாலும் படிக்க முடிந்தது.

டீக்கடைப் பக்கம் அவன் குரல் கேட்டது. ஃபிளெக்ஸை இறக்கி, அவன் போட்டிருந்த மாதிரியே முடிச்சைப் போட்டுவிட்டு நடந்தேன்.