மட்டிப்பழமும் அக்காவின் வயிறும்

அக்கா, என் அக்கா! உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அடுக்களையிலிருந்து "என்ன பிள்ளே?" என்று நீ கேட்பாய் போலிருக்கிறது. அந்தப் பேரை இங்கே எழுத மாட்டேன். உன் மாமியார் வீட்டார் வாயில் அது நாறியது போதும்.

சின்ன வயதில் நாங்கள் மலையில் இருந்தோம். அப்பாவுக்கு ரப்பர் எஸ்டேட்டில் வேலை. அங்கே அக்காவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. கசக்கும் கொயினா மாத்திரையை அவள் துப்பிவிடுவாள் என்று அம்மா அதைப் பொடித்து மட்டி வாழைப்பழத்துக்குள் வைத்து ஊட்டினாள். ஒவ்வொரு முறையும் அக்கா வாந்தியெடுத்தாள். காய்ச்சல் போனது. ஆனால் அதன்பிறகு, கொயினா இல்லாத வெறும் மட்டிப்பழத்தின் வாசம் வந்தாலே அவளுக்குக் குமட்டும்.

"அவ படிக்கல்ல, அவ வயிறு படிச்சிற்று" என்பாள் அம்மா. வீட்டுக்கு அந்தப் பழம் வாங்குவதை நிறுத்தினோம்.

மண்டைக்காட்டுப் பக்கம் மாப்பிள்ளை. தாலி கட்டி முடிந்து அவர்கள் வீட்டில் பாலும் பழமும் கொடுத்தார்கள். எங்கள் பக்கம் கல்யாணப் பழம் என்றால் மட்டிதான். அது வாய்க்குப் பக்கத்தில் வந்ததும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள்.

மாப்பிள்ளையின் மயினி, அவன் அண்ணன் பெண்டாட்டி, சிரித்தாள். "எத்தன மாசமாக்கும்?"

அம்மா பதறிப்போய்க் கொயினா கதையைச் சொன்னாள்.

"எட்டு வயசில தின்ன மருந்துக்கு இப்பமா ஓக்காளிக்கா?" என்றாள் மாமியார். "எங்களுக்கு நல்லா காதுல பூ சுத்துகியோ!"

அந்த மேதாவிகள் அதோடு விடவில்லை. தினமும் காலையில் அக்காவின் முன்னால் ஒரு பழத்தை உரித்து வைத்தார்கள். குமட்டினால் அடி. நான் பார்க்கப் போன அன்று என் கண்முன்னாலேயே நடந்தது.

"நடிக்கியா, ஏட்டி? நடி, நடி!" என்று அடித்தாள் மாமியார்.

ஓலை முடைய அக்கா பழகியது அம்மாவின் கையைப் பார்த்து. எதிர்த்துப் பேசாமலிருக்கப் பழகியது அப்பாவிடம் அடி வாங்கி. இந்தக் குமட்டல் அவள் யாரையும் பார்த்துப் பழகியதில்லை, எதையும் எதிர்பார்த்துச் செய்ததுமில்லை. பழமும் கசப்பும் சேர்ந்து சேர்ந்து வந்ததால் அவளைக் கேட்காமலே உடம்பு பிடித்துக்கொண்டது. அடித்தால் எப்படிப் போகும்? அடிக்குப் பயந்து சத்தம் வராமல் விழுங்கப் பழகினாள், அவ்வளவுதான். கடைசியில் பழம்கூட வேண்டாம், அதைக் கொண்டுவரும் மாமியாரின் செருப்புச் சத்தம் கேட்டாலே குமட்டியது. எங்கள் வீட்டுக் கோழிகள் தவிட்டுச் சட்டியின் சத்தம் கேட்டு ஓடி வரும். அவற்றைப் பார்த்தால்கூடப் புரிந்திருக்கும். அவர்களுக்கு அதற்கும் துப்பில்லை.

மாதங்கள் போயின. வயிறு பெருக்கவில்லை. அப்போதாவது வாயை மூடினார்களா?

"கலைச்சிற்றா" என்று ஊரெல்லாம் சொல்லி, அவளைக் கொண்டுவந்து வாசலில் விட்டுப்போனார்கள். தாலி கட்டியவன் வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை.

அக்கா யார் முகத்திலும் முழிக்காமல் கிடந்தாள். சோறு இறங்கவில்லை. மழைக்காலத்தில் அந்தக் காய்ச்சல் திரும்ப வந்தது. மெலிந்த உடம்பு, தாங்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர்கள் எல்லாரும் வந்தார்கள். ஒருத்தரும் வாயைத் திறந்து, தப்பாகப் பேசிவிட்டோம் என்று சொல்லவில்லை. பருப்பில் உப்புக் குறைவு என்று மட்டும் சொன்னார்கள்.

என் அக்காமேல் ஒரு குற்றமும் கிடையாது. இதைப் படிக்கிற நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, அவளுக்காக ஒருதரம் வேண்டிக்கொள்ளுங்கள்.