சின்யோரா தராத சாவி

காப்பிக் கடை வேலை என்றால் காப்பி போடுகிற வேலை என்று நினைப்பவர்கள் ஒருநாளும் கவுண்டருக்குப் பின்னால் நின்றதில்லை; அது யார் யாரை எவ்வளவு தூரம் நம்புகிறார்கள் என்று நின்றபடியே பார்க்கிற வேலை. ஒஸ்லோவில் கோப்பை கழுவிய எங்கடை ஆட்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பல்கலைக்கழகத்தில் இத்தாலிய மொழி படித்த காலத்தில், சனி ஞாயிறுகளில் ஒரு இத்தாலியக்காரியின் காப்பிக் கடையில் நின்றேன். இத்தாலிய மொழியில் அம்மணியைச் சின்யோரா என்பார்கள்; சின்யோரா ரொசால்பா நாப்போலியில் பிறந்தவர். கப்பலில் வேலை செய்த நோர்வேக்காரர் ஒருவரைக் கட்டி இங்கே வந்து, அவர் காலமான பிறகு கடையைத் தனியே நடத்தினார். கடைச் சாவி அவருடைய கழுத்துச் சங்கிலியில், சிலுவைக்குப் பக்கத்தில் தொங்கும். அதை ஒருவருக்கும் கொடுத்ததில்லை. நான் நகரத்தின் ஓரத்து எல்லிங்ஸ்ருட்டில் இருந்து ரீ-பான் என்கிற சுரங்க ரயிலில், விடியற்காலை முதல் வண்டியில் வந்து, அவர் வந்து திறக்கும்வரை பனிக்குள் நிற்பேன். அந்தச் சாவி எனக்கு வேண்டும் என்பதற்குக் குளிர் பாதிக் காரணம்தான். இரண்டு குளிர்காலம் ஒருவரிடம் நேர்மையாக வேலை செய்த பிறகும் அவர் நம்பவில்லை என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு அப்படித்தான் இருந்தது.

சின்யோராவின் நோர்வேஜிய மொழி அரைகுறை, இத்தாலிய மொழி புயல். இரண்டையும் எங்கடை தமிழிலேயே தருகிறேன்.

கிழித்த துண்டு

இத்தாலியில் பல காப்பிக் கடைகளில் முதலில் காசைக் கட்டி ரசீதுத் துண்டை வாங்க வேண்டும். பிறகு அந்தத் துண்டைக் காப்பி போடுகிறவரிடம் நீட்ட வேண்டும். அவர் அதன் ஓரத்தைக் கிழித்துவிட்டுத்தான் கோப்பையில் கை வைப்பார். ஒரே துண்டை இரண்டு தரம் காட்டி ஒருவரும் குடிக்கக் கூடாதாம். எங்கள் கடையில் கல்லாவுக்கும் காப்பி மெஷினுக்கும் மூன்று எட்டு வைக்கிற தூரம். நான் இல்லாத நாட்களில் இரண்டிலும் நிற்பது சின்யோராவேதான். ஆனாலும் துண்டு வேண்டும்.

தூர்மொட் என்று ஒரு ஓய்வுபெற்ற மனிதர், தினமும் வருகிறவர், ஒருநாள் அந்த மூன்று எட்டுக்குள் துண்டைக் குப்பையில் போட்டுவிட்டார். காசை வாங்கினது நீங்கள்தானே, இப்பதானே பார்த்தீர்கள் என்று பொறுமையாகக் கேட்டார். சின்யோரா தலையாட்டி ஒத்துக்கொண்டுவிட்டுச் சொன்னார்: "கல்லாவிலை நிண்ட ரொசால்பா பார்த்தவ. மெஷினிலை நிக்கிற ரொசால்பா பார்க்கேல்லை."

வாசலில் வண்டில்

நோர்வேத் தாய்மார் பிள்ளையை வண்டிலோடு வாசலில் தூங்க விட்டுவிட்டு உள்ளே வந்து காப்பி குடிப்பார்கள். குளிர்காற்று பிள்ளைக்கு நல்லது என்பார்கள். சின்யோராவுக்கு இது நெஞ்சுவலி தருகிற காட்சி. முதல் வண்டில் வந்து நின்றதும் என்னை வெளியே காவலுக்கு அனுப்பிவிடுவார். மைனஸ் பத்தில், ஏப்ரனோடு, முன்பின் தெரியாத பிள்ளைக்குக் காவல் நின்றிருக்கிறேன். போகிறவர்கள் என்னைத்தான் பிள்ளை பிடிக்க வந்தவள் மாதிரிப் பார்த்தார்கள்.

ஒரு தாய் சிரித்துக்கொண்டே சொன்னா, இங்கே பிள்ளையை யாரும் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள், பயப்படாதீர்கள் என்று. சின்யோரா கண்ணாடிக் கதவால் வண்டிலை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளையை ஒருத்தரும் எடுக்காயினம். வண்டில் புதுசு."

என்னை நம்பு

கூட வேலை செய்த இங்கிரிட் சமூகவியல் படித்தவள். நோர்வே நம்பிக்கையில் நிற்கிற நாடு, இத்தாலி நம்பிக்கையில்லாமல் அல்லாடுகிற நாடு என்பது அவளுடைய கட்சி. எனக்கு அந்த நேரம் பல்கலைக்கழகத்தில், நம்பிக்கை பற்றிய இத்தாலியச் சொற்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதக் கிடந்தது. அவர்களிடம் 'ஃபூர்போ' என்று ஒரு சொல் இருக்கிறது. ஏய்க்கத் தெரிந்தவன் என்று பொருள். திட்டவும் அதுதான், மெச்சவும் அதுதான். நோர்வேஜிய மொழியில் அதற்கு ஈடாகக் கிடைத்ததெல்லாம் குற்றவாளியாக இருந்தது. எங்களுக்கோ கஷ்டமேயில்லை: சுழியன். பக்கத்து வீட்டுப் பெடியனைச் சொன்னால் திட்டு, சொந்தப் பெடியனைச் சொன்னால் பெருமை.

இதைச் சொல்லிவிட்டு இங்கிரிட்டிடம் கேட்டேன்: தொலைபேசியில் கதைத்தபோது காலியாக இருந்த அறை, நான் நேரில் போய் நின்றதும் எப்படி வாடகைக்குப் போனது? இத்தாலியில் வாசலிலேயே எல்லாரையும் சந்தேகிக்கிறார்கள். இங்கே என் முகம் வந்து சேரும்வரைதானே நம்புகிறீர்கள்? அது விதிவிலக்கு, எங்களை நம்பு என்றாள் அவள். கோப்பை அடுக்கிக்கொண்டிருந்த சின்யோரா திரும்பியும் பார்க்கவில்லை. "'என்னை நம்பு' எண்டு ஆர் சொன்னாலும், முதல் கைப்பையை இறுக்கிப் பிடி."

அப்பா குடித்த காப்பி

எங்கள் அப்பா ட்ராம் ஓட்டுகிறவர். மகள் நிற்பது உண்மையிலேயே காப்பிக் கடைதானா என்று பார்க்க, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து மூலையில் இருந்துவிட்டார். ஒரு காப்பியை ஒரு மணித்தியாலம் குடித்தார். அவர் சாராயமோ என்று அலுமாரிப் போத்தல்களை எண்ண, சின்யோரா அவரை எண்ணினார். எனக்கு வந்த கோபத்தில் இருவருக்கும் நடுவில் நின்று, இவர்தான் என் தகப்பன், வேவு பார்க்க வந்திருக்கிறார் என்று இரண்டு மொழியிலும் சொன்னேன். சின்யோராவின் முகம் முதன்முதலாக மலர்ந்தது. "பெத்த பிள்ளையையும் நம்பாத மனுசன். இவருக்குக் காப்பி சும்மா. ஆனால் துண்டை எடுக்கச் சொல்லு."

பர்ஸ்

கடைகளுக்குள் புகைக்கக் கூடாது என்று சட்டம் வந்த வருடம் அது. வழக்கமாக வருகிற ஒரு ஆசிரியை, கைப்பையைக் கதிரையில் விட்டுவிட்டு வெளியே போய்ப் புகைத்துவிட்டு வந்தா. இது நோர்வே, இங்கே ஒன்றையும் பூட்டத் தேவையில்லை என்று சின்யோராவுக்கு வாராவாரம் பாடம் எடுக்கிறவ. வந்து பார்த்தால் பைக்குள் பர்ஸ் இல்லை. அவ சத்தம் போடவில்லை. மிக மென்மையாக, ஒருவருக்கும் மனதில் ஒன்றும் இல்லாமல் இருக்கத்தான், அந்தப் பெண் தன் பையைத் திறந்து காட்டலாமா என்று கேட்டா. அந்தப் பெண் நான். கடையில் ஏழெட்டுப் பேர். இங்கிரிட் துடைத்த மேசையையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

திறக்க மாட்டேன் என்றேன். எல்லாரும் திறந்தால் நானும் திறக்கிறேன், நான் மட்டும் என்றால் பொலிசைக் கூப்பிடுங்கள் என்றேன். சின்யோரா கவுண்டரைச் சுற்றி வந்தார். கழுத்துச் சாவியால் கதவைப் பூட்டினார். முதலில் தன் கைப்பையை மேசையில் கவிழ்த்துக் கொட்டினார். பிறகு ஆசிரியையிடம், அடுத்தது நீங்கள், பையும் கோட்டும் என்றார். பர்ஸ் கோட்டுப் பொக்கற்றுக்குள், சிகரெட் பெட்டியோடு இருந்தது.

ஆசிரியை சிரிக்கப் பார்த்தா. தவறாக எடுக்காதே, உன்னை நான் எப்போதும் நம்பினேன் என்று என் கையைத் தொட வந்தா. நான் கையை எடுத்துக்கொண்டேன். சின்யோரா கதவைத் திறந்து பிடித்தபடி சொன்னார்: "நான் இவளை ஒருநாளும் நம்பினதில்லை. ஆனால் உங்களை எவ்வளவு நம்பேல்லையோ, இவளையும் அவ்வளவுதான் நம்பேல்லை."

சாவி

அடுத்த சனிக்கிழமை கதவில் புதிதாக இன்னொரு பூட்டு இருந்தது. சின்யோரா என் உள்ளங்கையில் ஒரு சாவியை வைத்தார். கண் கலங்கப் பார்த்த நேரத்தில், இங்கிரிட்டின் கையிலும் ஒன்றை வைத்தார். எனக்குக் கீழ்ப் பூட்டு, அவளுக்கு மேல் பூட்டு. ஒருத்தி தனியே வந்தால் கதவு திறவாது. எனக்குக் கோபம் ஏறியது. இதுக்குப் பேர் நம்பிக்கையா, இரண்டு வருடத்துக்கு அரைக் கதவா என்று அரை மணித்தியாலம் இத்தாலிய மொழியில் சண்டை பிடித்தேன். பரீட்சையில்கூட அவ்வளவு பிழையில்லாமல் கதைத்ததில்லை. சின்யோரா முழுவதையும் கேட்டுவிட்டு, மெஷினைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாப்போலியிலை என்ரை சொந்தத் தங்கச்சிக்கும் நான் கீழ்ச் சாவிதான் குடுத்தனான்."

மூன்றாவது குளிர்காலமும் நான் பனிக்குள்தான் நின்றேன், இந்தமுறை இங்கிரிட் வரும்வரை, ஆனால் பொக்கற்றுக்குள் சாவியை இறுக்கிப் பிடித்தபடி.