மல்லிகா தைத்த கால்மிதி

தேவகி என் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை.

"வாங்க தேவகி" என்றேன். நின்றார். மறுபடி கூப்பிட்டேன். அப்போதும் நின்றார். நாலு வீடு தள்ளி இருப்பவர். சர்க்கரை தீர்ந்தாலும் வருவார், சீரியல் நேரத்தில் கரன்ட் போனாலும் இன்வெர்ட்டர் இருக்கிற வீடு என்று உரிமையோடு வந்து உட்காருவார். இன்றைக்கு என்ன புதிதாக மரியாதை?

அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது என் கால்மிதியை.

"அக்கா... இது மேல நான் எப்டி கால வெக்கிறது? இது என் தம்பி வாங்கியாந்த ஜாக்கெட் பிட்டு."

வழக்கமாக வாசலில் கிடக்கும் மிதியைத் துவைத்துக் காயப் போட்டிருந்தேன். பின்கட்டில் கிடந்ததை எடுத்து வந்து அன்றைக்குத்தான் வாசலில் போட்டேன். அதில் பல கலர் துணிகள் பட்டை பட்டையாக இருந்தன. நடுவில் ஒரு கத்திரிப்பூ கலர் பட்டை, அதில் பொடிப்பொடியாக மாங்காய் புட்டா. தேவகியின் கண் அதிலேயே இருந்தது.

ஒரு வழியாக மிதியை நானே சுருட்டி எடுத்த பிறகுதான் உள்ளே வந்தார். வந்தவர் தண்ணீர்கூடக் கேட்கவில்லை... அழ ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் கால்மிதியைத் தைத்தவர் மல்லிகா. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு அவர்தான் டெய்லர். கடையில் மிஞ்சுகிற துண்டுத் துணிகளைக் கொண்டு சுருக்குப் பை, செல்போன் பை, மிக்ஸிக்கு உறை, ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, சூடான பாத்திரம் இறக்கப் பிடிதுணி என்று எதையாவது தைத்துக்கொண்டே இருப்பார். எதற்கும் உதவாத ஒல்லிப் பட்டைகளைப் பழைய கோணி மேல் வரிசையாக வைத்து அடித்துவிடுவார். அதுதான் கால்மிதி.

சரி, ஜாக்கெட் தைத்து மிஞ்சுகிற துணி யாருக்குச் சொந்தம்? இது காலகாலமாக இருக்கும் வழக்கு. எங்கள் ஊரில் யாரும் எழுதி வைக்காத ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. கைக்குட்டை அளவுக்கு மிஞ்சினால் ஜாக்கெட்டுக்குள் சுருட்டித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குக் கீழே என்றால் டெய்லருக்கு. யாரும் கேட்பதும் இல்லை, யாரும் கொடுப்பதும் இல்லை.

ஆனால் துணியை மறப்போமா? பீரோவில் அடுக்கியிருக்கும் புடவைகளில் எதை உருவிக் காட்டினாலும் யார் எடுத்தது, எதற்கு எடுத்தது, அன்றைக்கு யார் யார் முகம் கோணியது என்பது வரை சொல்லிவிடுவோம். தேவகியும் சொன்னார்.

போன பொங்கலுக்கு அவருடைய தம்பி சேகர் மானாம்பதியிலிருந்து சீர் கொண்டு வந்திருக்கிறார். அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, கூடவே அக்காவுக்கு ஒரு புடவை, அதற்கு ஜாக்கெட் பிட்டு. தறிக்காரர் வீட்டுக்கே போய், கலர் பார்த்து, தானே எடுத்த புடவை. தட்டில் வைத்ததும் தேவகியின் மாமியார் இரண்டு விரலால் முந்தானையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்.

"தொடைக்க கிடைக்க ஆவும்... அப்டி வையி."

சேகர் அதைக் கேட்டுவிட்டார். ஊற்றி வைத்த காபி அப்படியே இருக்க எழுந்து போனவர்தான். அதன் பிறகு அக்கா வீட்டுப் பக்கம் வரவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை.

இப்போது தேவகியின் மகளுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறார்கள். பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. தாய்மாமன் என்று சேகர் பெயரைப் போட்டாயிற்று. சேகரிடம்தான் இன்னும் சொல்லவில்லை. "அவன் வராட்டி என்ன, உன் சித்தி மவன் மடியில வெச்சி குத்திக்கலாம்" என்று தேவகியின் கணவர் வேறு ஆள் பார்த்து வைத்திருக்கிறார். சொந்த மாமன் உள்ளூருக்குப் பக்கத்திலேயே இருக்கும்போது குழந்தை இன்னொருவர் மடியில் உட்கார்ந்தால் என்ன அர்த்தம்? அக்கா தம்பி உறவு முடிந்தது என்று ஊர் கூட்டி அறிவித்ததாக அர்த்தம். அப்புறம் அதை எந்தப் பஞ்சாயத்தும் ஒட்டவைக்க முடியாது.

நாளைக்குத் தட்டு எடுத்துக்கொண்டு தம்பியை அழைக்கப் போகிறேன், கூட வாருங்கள் என்று என்னைக் கூப்பிடத்தான் தேவகி வந்திருக்கிறார். வெளியாள் ஒருவர் கூட இருந்தால் தம்பி சத்தம் போடமாட்டார் என்பது கணக்கு. வந்த இடத்தில்தான் இந்தக் கால்மிதி.

துடைக்கத்தான் ஆகும் என்று மாமியார் சொன்ன துணி... உண்மையிலேயே கால் துடைக்கிற இடத்துக்கு வந்து கிடக்கிறது. இதைத் தம்பி பார்த்தால் என்ன நினைப்பார்?

அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்பது எனக்குத்தான் தெரியும். காரணம், சேகர் போர் மோட்டார் மெக்கானிக். என் வீட்டு மோட்டார் மக்கர் செய்தபோது, போன வாரம், அதைச் சரிசெய்ய வந்தவர் அவர்தான். பின்கட்டு வழியாகத்தான் போய் வந்தார். இந்த மிதியைப் பார்த்து, "இது மல்லிகாக்கா தச்சதா?" என்று கேட்டார். ஆமாம், எல்லாம் ஜாக்கெட் பிட்டு, அழகாக இல்லை? என்று நான் வேறு விளம்பரம் செய்தேன். அவர் மிதியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போனார். சேற்றுக்காலோடு மிதிக்க மனமில்லை, நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

தேவகியிடம் இதைச் சொன்னேனா? மூச்சு விடவில்லை. அழுதுகொண்டிருக்கிறவரிடம் எப்படிச் சொல்வது?

இருவரும் மிதியை எடுத்துக்கொண்டு மல்லிகா கடைக்குப் போனோம். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முகமே செத்துவிட்டது. பிட்டு பிட்டுதானே என்று தைத்துவிட்டேன், எது யார் வீட்டுச் சீர் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லிக்கொண்டே பிளேடு முனையால் தையலைப் பிரித்தார். கத்திரிப்பூ பட்டையை உருவி, சோப்புப் போட்டு அலசி, ஃபேனுக்கு அடியில் காயவைத்து இஸ்திரி போட்டார். இரண்டு விரல் அகலம்தான் தேறியது. அதை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் சிவப்புத் துண்டு கொடுத்து, நாடா கோத்து ஒரு சுருக்குப் பை தைத்தார். ஓரத்தில் மஞ்சள் தடவினார்.

தைத்து முடித்ததும் பையைத் தேவகியிடம் கொடுத்து, இதைப் பீரோவில் வைத்துக்கொள், தம்பியிடம் எதையும் சொல்லாதே என்றார். நானும் அதையேதான் சொன்னேன். எனக்கு என் பயம்.

தேவகி பையை முந்தானையில் முடிந்துகொண்டார். "வேற யார் வாய்லருந்தாவது அவன் கேட்டா, நான் வேணும்னு மறைச்சேன்னு ஆய்டும். நானே சொல்லிட்றேன்" என்றார்.

மறுநாள் மானாம்பதி போனோம். சேகர் வீட்டு முன்னால் கீற்றுக்கொட்டகையில் மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. அவர் மனைவிதான் ஓடிவந்து பாய் போட்டார். தேவகி தட்டைத் தம்பி முன்னால் வைத்தார். வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை. பத்திரிகை மேல் அந்தச் சுருக்குப் பை.

"நீ வாங்கிக் குட்த்த பிட்டு கால்மிதில போய்ச் சேந்துட்ச்சிடா. நான் வேணும்னு பண்ல. அதுல மிஞ்சினது இதான்."

சேகர் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். ஒரு சுற்று... இன்னொரு சுற்று. எனக்கு எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது.

"தெரியும்க்கா. மேடம் வூட்ல மோட்டார் பாக்கப் போனப்போ பாத்தேன்."

தேவகி திரும்பி என்னைப் பார்த்தார். நான் கொட்டகையின் கூரை எவ்வளவு நன்றாக வேய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேகர் கம்பியைக் கீழே வைத்தார். "அந்தப் புடவைய நீ தொடைக்க கிடைக்க தூக்கிப் போட்டிருப்பேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்க்கா. அந்த மிதியப் பாத்தப்புறம்தான் நீ ஜாக்கெட் தச்சிக்கினன்னே தெரிஞ்சுது. தைக்காம பிட்டு எங்கருந்து வரும்?"

இதை நாங்கள் மூன்று பெண்களும் யோசிக்கவே இல்லை. தம்பி கொடுத்ததைத் தேவகி ஆசையாக எடுத்துக்கொண்டு போய், அளவு கொடுத்து, வெட்டி, தைத்து வைத்திருக்கிறார் என்பதற்கு அந்தப் பட்டை ஒன்றுதான் சாட்சி. எங்களுக்கு அவமானமாகத் தெரிந்தது, அவருக்குச் சமாதானமாகத் தெரிந்திருக்கிறது.

"அப்ப ஏன்டா வர்ல?" என்றார் தேவகி.

"நீ வந்து கூப்டுவன்னு பாத்துக்கினு இருந்தேன்."

வீம்புதான், வேறென்ன? ஆனால் தட்டை அவர் இரண்டு கையாலும் வாங்கியபோது எனக்கே கண் கலங்கிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை திருப்புலிவனம் போகும் வழியில், வயல் நடுவே இருக்கும் அவர்கள் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து நடந்தது. தேவகி அந்தப் புடவையைக் கட்டியிருந்தார். கத்திரிப்பூ ஜாக்கெட், அதில் மாங்காய் புட்டா. குழந்தை சேகர் மடியில் உட்கார்ந்து ஊரையே கூப்பிட்டு அழுதது. ஆசாரி தோட்டைக் கேட்டதும் சேகர் சட்டைப் பையில் கைவிட்டு எடுத்தது அந்தச் சுருக்குப் பையைத்தான். நாடாவை இழுத்துப் பிரித்து, உள்ளேயிருந்து இரண்டு தங்கத் தோட்டை எடுத்துக் கொடுத்தார்.

தேவகியின் மாமியார் பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துணி யாருடையது என்று அவருக்குத் தெரிந்ததோ தெரியவில்லையோ... வெற்றிலை வைத்துக்கொள்ளத் தனக்கும் ஒன்று தைத்துத் தரச்சொல்லி மல்லிகாவைக் கேட்டார். மல்லிகா, உங்கள் துணியிலேயே தைத்துத் தருகிறேன், கொண்டு வந்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் உஷாராகிவிட்டார்.

என் வீட்டு வாசலில் இப்போது கடையில் வாங்கிய மிதி கிடக்கிறது. அதில் எந்த அக்காவின் புடவை, எந்தத் தம்பியின் ஆசை இருக்கிறதோ... தெரியாததால் நிம்மதியாகக் கால் துடைத்துக்கொண்டிருக்கிறோம்.