எனக்காகக் கதைக்க வந்தவள்

போன வாரம் ஒரு இன்டர்வியூவுக்குப் போனேன். இந்த வயதில் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன்.

பென்ரோஸில், ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரின் வேர்ஹவுஸில் பெட்டி இறக்குகிறவன் நான். துவாய், படுக்கை விரிப்பு, தலையணை உறை. இந்தச் சாமான்களைப் பார்த்துத் தெரிவு செய்து கடைக்கு வாங்கும் பிரிவில் ஒரு உதவியாளர் வேலை காலியானது. 'விண்ணப்பம் போட்டுப் பார்' என்றார் சூப்பர்வைசர். முதுகு இனிப் பெட்டி தாங்காது என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். இது கிடைக்காவிட்டால்... அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

இன்டர்வியூவுக்கு அழைத்து வந்த ஈமெயிலை மகள்தான் வாசித்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு நீளமான இங்கிலீஷ் வசனம் வந்தால் வியர்க்கும்.

"அப்பா, யூ கேன் பிரிங் ஃபேமிலி. உங்களைப் பற்றி அவை கதைக்கலாம். இட்ஸ் எ மாவோரி திங். பட் எனிவன் கேன்."

இன்டர்வியூவுக்கு வீட்டு ஆட்களும் வந்து நமக்காகப் பேசலாம். இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளிடமிருந்து வந்தது. எவ்வளவு நல்ல வழக்கம்! ஆனால் குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற என் மனைவி ரெஜினாவின் காதில் அது விழுந்துவிட்டது.

"அப்ப நான் வாறன். நீங்கள் அங்க வாயைத் திறக்க மாட்டியள்."

முதியோர் இல்லத்தில் ஷிஃப்ட் முடித்து, இன்டர்வியூ நடக்கும் கடைக்கு நேரே வந்தாள். நீல யூனிஃபார்ம். நெஞ்சில் பெயர் அட்டை. கடையின் கீழ்த்தளத்தில் சென்ட் விற்கும் பெண்கள் எல்லாரும் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் நின்றார்கள்.

"நீர் கீழ இரும். தேவையெண்டா கூப்பிடுவினம்" என்றேன்.

"நான் வந்தது அவைக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் சொல்லுறன்."

சொன்னேனா?

மேலே மூன்று பேர். நடுவில், கழுத்தில் பச்சைக்கல் அணிந்த ஒரு மாவோரி அம்மா. முதல் கேள்வியே அதுதான்: "யாரையாவது அழைத்து வந்திருக்கிறீர்களா?"

"இல்லை. நான் மட்டும்தான்."

வாய் எப்படி அவ்வளவு லேசாகத் திறந்தது? அந்த யூனிஃபார்ம்தான் காரணம். வயதானவர்களைக் குளிப்பாட்டித் துடைக்கிற உடுப்பு. அந்த உடுப்பில்தான் எங்கள் வீடு ஓடுகிறது. அதற்குத்தான் நான் வெட்கப்பட்டேன்.

அடுத்தது – "உங்களிடம் என்ன சிறப்பு?" என்னை நானே புகழ எனக்கு எங்கே வரும்? "எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்கிறேன்" என்றேன். மூவரும் பேனாவை வைத்துவிட்டார்கள். இந்த இடத்தில் பேசத்தான் வீட்டு ஆளைக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

முடிந்ததும் அந்த அம்மா மரியாதைக்கு லிஃப்ட்டில் கீழே வரை கூடவே வந்தார். கதவு திறந்தது. ரெஜினா எழுந்து வந்தாள்.

"என்ன, கூப்பிடவே இல்லை?"

தமிழில்தான் கேட்டாள். ஆனால் அந்த அம்மா சிரித்துக்கொண்டு "நீங்கள்?" என்றார்.

"மனைவி. இவருக்காகப் பேச வந்தேன்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் லிஃப்ட் பொத்தானைப் பார்த்தேன். ரெஜினா என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான் – விளங்கிக்கொண்டாள்.

"ஷிஃப்ட் முடியப் பிந்திவிட்டது. நான் வரமாட்டேன் என்று இவர் நினைத்துவிட்டார். சொரி" என்றாள் இங்கிலீஷில்.

"இப்போது சொல்லுங்களேன்" என்றார் அந்த அம்மா.

சென்ட் வாசனைக்கு நடுவில் நின்று சொன்னாள்: "இவருக்குத் தன்னைப் பற்றிப் பேசத் தெரியாது. ஒரு முறை இவர் தொட்டுப் பார்த்து வேண்டாம் என்ற துவாயை நான் அடம்பிடித்து வாங்கினேன், வீடெல்லாம் நூல். அப்போதும் 'சொன்னேனே' என்று இவர் சொல்லவில்லை, பேசாமல் கூட்டினார்." அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். என்னால் நிமிர முடியவில்லை.

மேடையில் யாரோ பொன்னாடை போர்த்தினால் கழுத்தை நீட்டுகிறோம். நமக்காக உண்மையாக நாலு வார்த்தை சொல்ல வருகிறவர்களைத்தான் கீழே உட்கார வைக்கிறோம். இல்லையா?

வீடு இருக்கும் கிளென் ஈடனுக்கு ரயிலில் திரும்பினோம். எங்களுக்கு அப்பால் ஹென்டர்சன் வரை போகும் கூட்டம் முழுவதும் கதைத்துக்கொண்டு வந்தது. நாங்கள் இருவரும் மட்டும் ஜன்னலைப் பார்த்தோம். இறங்கும் நேரத்தில்தான் வாய் திறந்தாள்.

"இஞ்சருங்கோ... நான் பிந்தி வந்தனான் எண்டு சொன்னது பொய். அதை நான் ஃபாதரிட்டப் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில சொல்ல மாட்டன். அது உங்கட பாவம்."

"ஓம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. வேலை எனக்குத்தான்.

சனிக்கிழமை கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்று இரண்டு பொய்யையும் என் பொய் என்றே சொன்னேன். அந்தப் பொய்யால் வேலை கிடைத்ததை மட்டும் ஃபாதரிடம் சொல்லவில்லை – திருப்பிக் கொடு என்று சொல்லிவிட்டால்?