அனார்குல் வாயைத் திறந்த நாள்

எங்கள் கிசில்-புலாக் ஊர்ப் புற்றுநோய் மருத்துவமனையில் கணினி என்று பெயர் வைத்த எது மக்கர் செய்தாலும் கூப்பிடுவது ஒரே ஆளைத்தான். அனார்குல், வயது நாற்பத்தாறு. அவளுடைய பதவிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு, அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. மற்றபடி வாசல் காவலாளியிலிருந்து தலைமை மருத்துவர் வரை எல்லோருக்கும் அவள் ஒயர் எஜே. எங்கள் ஊரில் அக்காவை எஜே என்றுதான் சொல்வோம்.

பதினாறு வருட வேலை. பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் அவள், டீ கொட்டிய கீபோர்டைக் கழுவித் துடைப்பதும் அவள். சர்வர் அறைக்குத் தனிப் பூட்டு வேண்டும், பாஸ்வேர்டை ஆளாளுக்குக் கொடுக்கச் சொல்லக்கூடாது என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தாள். மூன்று தடவையும் "பார்க்கலாம்" என்று பதில் வந்தது. பார்த்த லட்சணம் இதோ வருகிறது.

இருபத்திரண்டு வயதில் அலிபாயெவ் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். வந்த மருமகள் கணவன் வழிப் பெரியவர்களின் பெயரை வாயால் சொல்லக்கூடாது. அவள் சொன்னதில்லை. மாமனாரின் தம்பிதான் மருத்துவமனையில் சிகிச்சைப் பிரிவுத் துணைத் தலைவர். இருபத்துநாலு வருடமாக அவர் அவளுக்கு "மேல்வீட்டு ஐயா". பழுதுப் பதிவேட்டில்கூட மே.வீ. என்றுதான் எழுதுவாள். கேன்டீனில் பெண்கள் சீண்டுவார்கள்: "எஜே, மேல்வீட்டு ஐயாவோட மௌஸ் செத்துப் போச்சாம், துக்கம் விசாரிச்சியா?" ஆனால் உள்ளூர எல்லோருக்கும் அதில் ஒரு மெச்சல். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மருமகளா என்பார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. இல்லை என்று நான் பூசி மெழுகப் போவதில்லை.

அந்தப் பெருமைக்கு விலை வசந்த காலத்தில் வந்தது. மேல்வீட்டு ஐயா, சர்வரில் எதையும் செய்யவிடும் தலைமை அனுமதியைத் தன் கணக்குக்குக் கேட்டார். கூடவே பாஸ்வேர்டும். "நான் என்ன வெளியாளா மருமகளே?" என்றார். வேறு யாராவது கேட்டிருந்தால் நார்நாராகக் கிழித்திருப்பாள். அவருக்கு எழுதிக் கொடுத்தாள்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் அவருக்கு ஒரு கல்யாண அழைப்பு வந்தது. வந்தது பழைய நண்பரின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து, உள்ளே ஒரு கோப்பு. அவருடைய கணினி அதைத் திறக்க மறுத்தது. இப்படிப்பட்ட கோப்புகளைத் திறக்காதபடி அனார்குல்தான் தடுத்து வைத்திருந்தாள். விருந்து அழைப்பைத் திறக்காமல் விட்டால் எங்கள் பக்கத்தில் அழைத்தவர் முகத்தில் துப்பியது மாதிரி. யார் வீட்டுக் கல்யாணம் என்று போன் போட்டுக் கேட்பது அதைவிடக் கேவலம். ஆகவே அந்த மகானுபாவர் சர்வர் அறைக்குப் போய், தன் தலைமை அனுமதிக்கு அங்கே தடை இல்லாததால் அங்கேயே திறந்தார். திரையில் மணமகனும் இல்லை, மணமகளும் இல்லை. மூடிவிட்டு டீ குடிக்கப் போனார்.

பகல் ஒரு மணிக்குப் பதிவுப் பிரிவுப் பெண் சீனாரா ஓடி வந்தாள்.

"எஜே, நோயாளிங்க பேரெல்லாம் கிறுக்கலா மாறிக்கிட்டு இருக்கு. ஒண்ணொண்ணா."

அனார்குல் போய்ப் பார்த்தாள். கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டுக்கொண்டிருந்தன, பணம் கட்டினால் திறப்போம் என்று ஓர் அறிவிப்பு. அந்த சர்வரில் இருந்தது கதிர்வீச்சு சிகிச்சையில் இருக்கும் இருநூற்றுப் பதினான்கு பேரின் கணக்கு. யாருக்கு எந்த இடத்தில் எவ்வளவு கொடுத்தாயிற்று, இன்னும் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம். அது தெரியாமல் அடுத்த தடவை கொடுக்க முடியாது. கூடினால் உடம்பு வெந்துவிடும், குறைந்தால் நோய் பிழைத்துக்கொள்ளும். இதன் முழுப் பிரதி ஒன்று தினமும் இரவில் தலைநகர் பிஷ்கெக்கில் உள்ள மைய சர்வருக்குப் போகும். அந்தப் பிரதியும் போய்விட்டால் எல்லாம் போச்சு.

முதல் காரியமாக நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கினாள். வேறு கணினிகளுக்குப் பரவாது. ஆனால் சர்வரை அணைக்கவில்லை. பூட்டிய சாவி, மெஷின் ஓடும்வரை அதன் நினைவில் எங்காவது கிடக்கும், அணைத்தால் அழிந்துவிடும். "தொடாதே" என்று பெரிதாக எழுதி ஒட்டினாள். பிறகு சர்வருக்குள் யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவைப் பார்த்தாள். காலை 11:07, கல்யாண அழைப்பு, யாருடைய கணக்கு என்பது எல்லாம் இருந்தது. அவளுக்குக் கோபம். அவர்மேல் பாதி, தன்மேல் பாதி.

அதற்குள் மேல்வீட்டு ஐயாவே எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"என்ன ஆர்ப்பாட்டம் இது? அணைச்சுப் போட்டு எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்தினா தீர்ந்துது. மெயினை இறக்குப்பா."

"தொடாதீங்க. அணைச்சா திறக்கிற சாவியும் சேர்ந்து போயிடும்."

"யார்கிட்ட பேசறேன்னு தெரியுதா மருமகளே?"

"தெரியுது. அதனாலதான் இவ்வளவு மெதுவாப் பேசறேன்."

எலக்ட்ரீஷியன் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். ஐயா சீனாராவைக் கைகாட்டினார்.

"இந்தப் பொண்ணு எதையாவது தட்டியிருப்பா. எந்நேரமும் போனை நோண்டிக்கிட்டே இருக்கா."

"நான் இந்த ரூமுக்குள்ள கால் வச்சதே இப்பதான் ஐயா," என்றாள் சீனாரா.

அனார்குல் பிஷ்கெக்கின் பாதுகாப்புக் குழுவுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள். எடுத்தவன் சாமத் என்ற பொறியாளன். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள்.

"ஒயரைப் பிடுங்கிட்டீங்க, அணைக்கலையே எஜே?"

"அணைக்கல."

"நீங்க நல்லா இருக்கணும். ஆனா அவனுங்க உங்க ஊர்த் தலைமைக் கணக்கு ஒண்ணைத் திருடி, அதை வச்சு இங்க நேராவே நுழைஞ்சுட்டானுங்க. பிரதிகளை அழிக்கிறானுங்க. ஜனவரியில ஆரம்பிச்சு ஜூலை வரை போயிடுச்சு. யாரோட கணக்குன்னு எனக்குத் திரையில தெரியுது. ஆனா தலைமை ஆளோட கணக்கை நானா பூட்ட முடியாது. அங்க பொறுப்பாளர் நீங்க, நீங்கதான் முழுப் பேரைச் சொல்லிப் பூட்டச் சொல்லணும். இந்தப் பேச்சு பதிவாகுது."

"சீனாரா கணக்கைப் பூட்டச் சொல்லு," என்றார் ஐயா.

"அது இல்லைங்க," என்றான் சாமத். "பேரைச் சொல்லுங்க எஜே."

"எங்க வீட்டுப் பெரியவர்... மேல்வீட்டு ஐயா..."

"எஜே, எங்கம்மாவும் எங்க தாத்தா பேரைச் சொல்ல மாட்டாங்க. எனக்குப் புரியுது. பதிவுக்கு அது செல்லாது. ஆகஸ்ட் போயிடுச்சு."

அனார்குல் நிமிர்ந்து பார்த்தாள். மேல்வீட்டு ஐயா சிரித்துக்கொண்டிருந்தார். பெரிய சிரிப்பு இல்லை, உதட்டோரத்தில் ஒரு நிம்மதி. இவள் வாய் திறக்காது என்று அவருக்குத் தெரியும். இருபத்துநாலு வருடம் அவள் மரியாதை என்று நினைத்துக் காத்ததை அவர் ஒளிந்துகொள்ளும் திரையாக வைத்திருக்கிறார். அதைப் பார்த்ததும் அவளுக்குத் தலை முதல் கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. மனிதருக்கு வெட்கம் இல்லாவிட்டால் போகட்டும், பக்கத்துக் கட்டடத்தில் வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்கள்மேல் ஓர் இரக்கமாவது வேண்டாமா?

"செப்டம்பர் பாதி," என்றான் சாமத்.

"தோக்தோசுன் அலிபாயெவ்," என்றாள் அனார்குல். "சிகிச்சைப் பிரிவுத் துணைத் தலைவர். காலையில பதினொண்ணு ஏழுக்கு இந்த ரூமுக்கு வந்து அழைப்பைத் திறந்தவர். பூட்டுங்க. அவருக்கு அனுமதி கொடுத்தது நான், என் பேரையும் எழுதிக்கங்க."

போனில் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

"பூட்டியாச்சு எஜே. கடைசி ஒன்பது நாள் பிரதி தப்பிச்சுது."

தோக்தோசுன் வெளியே போனார். முந்தின இரவு வரைக்குமான கணக்கு பிஷ்கெக்கிலிருந்து முழுசாகத் திரும்பி வரும். அன்று காலை கதிர் வாங்கியிருந்த முப்பத்தோரு பேரின் கணக்கு மட்டும் பூட்டிய சர்வருக்குள் இருந்தது. சாமத் சொல்லச் சொல்ல, ஓடிக்கொண்டிருந்த மெஷினின் நினைவை அப்படியே ஒரு டிஸ்க்கில் பிடித்தாள். நாலு மணி சுமாருக்கு அதில் சாவி கிடைத்தது. மறுநாள் காலையே சிகிச்சையைத் தொடரலாம் என்றார்கள்.

ஐந்து மணிக்கு முற்றத்தில் கணவன் ஜானிபெக் காரோடு நின்றான். செய்தி அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது.

"நீ அவர் பேரைச் சொன்னியாமே. எல்லார் முன்னாடியும்."

"சொன்னேன்."

"சித்தி போன்ல அழறாங்க. மானம் போச்சுங்கறாங்க."

"இருநூத்திப் பதினாலு பேர் என்ன ஆனாங்கன்னு கேளு."

"அது வேற விஷயம் அனார்குல்."

"அதான் விஷயம்."

அவன் கார்ச் சாவியைக் கையில் உருட்டினான். கெட்டவன் இல்லை, கோழை. "வெள்ளை முக்காடு போட்டுக்கிட்டு மேல்வீட்டுக்கு வா. வாசல்ல மன்னிப்புக் கேட்டு ஒரு குனி குனிஞ்சுடு, முடிஞ்சுது. உனக்கென்ன குறைஞ்சுடும்?"

"நேரமில்லை. விசாரணை அறிக்கையில அவர் பேரை நாலு இடத்துல எழுதணும். ரெண்டுதான் எழுதியிருக்கேன்," என்று சொல்லிவிட்டு அவள் படியேறி உள்ளே போனாள்.