ஏழாவது தொட்டியின் மூன்று மூச்சு

மீன் ஆராய்ச்சிக் கூடத்தில் பத்தொன்பது வருடமாகத் தொட்டி கழுவும் அக்காவுக்கு எல்லோரும் வைத்த பெயர் மூச்சுக்கணக்கு. விரால் மீன் செவுளை மட்டும் நம்பி வாழாது. மேலே ஏறி, வாயால் ஒரு மிடறு காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை ஏறுகிறது என்று எண்ண, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். படித்தவர்களுக்குக் கால் மணியில் கொட்டாவி வந்துவிடும். அக்காவோ, மகள் பிரசவத்துக்குப் போகிறேன் என்று சொல்லக் கூப்பிட்டபோதுகூட, மணி முடியப் பத்து நிமிடம் இருந்ததால் போனை எடுக்காதவள். அதற்கு இன்றுவரை மகளிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறாள்.

ஆராய்ச்சி மாணவன் ஒருவனுக்காக மூன்று மாதம் எண்ணினாள். "நீங்க இல்லன்னா எனக்குப் பட்டமே இல்லக்கா" என்பான். தண்ணீர் இருபத்தைந்து டிகிரியில் இருந்தால் மீன்கள் மணிக்கு நான்கைந்து தடவை ஏறின. முப்பத்திரண்டில் பத்துப் பன்னிரண்டு. அதோடு தண்ணீரில் ஆக்சிஜனையும் குறைத்தால் இருபதைத் தாண்டின. சூட்டில் உடம்புக்குக் காற்று அதிகம் வேண்டும், தண்ணீரில் இருப்பதோ குறைந்துவிடும் என்று அவன்தான் விளக்கினான். ஏழாவது தொட்டி மீன் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. அதே சூடு, அதே தண்ணீர், மூன்றே தடவை. அக்கா மூன்று கோடு போட்டு, பக்கத்தில் 3 என்று எழுதினாள்.

பத்து நாள் கழித்துப் பேராசிரியை நோட்டைப் புரட்டினார். மூன்றுக்கு முன்னால் வேறு மையில் ஒரு இரண்டு முளைத்து, 23 ஆகியிருந்தது. கோடு மூன்றுதானே இருக்கிறது என்று மாணவனிடம் கேட்டார்.

"அக்கா நடுவுல தூங்கிட்டாங்க மேடம். மீதிய நான்தான் எண்ணினேன்."

குழாயடியில் நின்ற அக்காவுக்குக் கேட்டது. அவள் வாய் திறப்பதற்குள் பேராசிரியை அன்பாகவே சொல்லிவிட்டார், வயதாகிறது, இனிமேல் எண்ண வேண்டாம், கழுவினால் போதும் என்று. ஏழாவதை அவனே மறுபடி எண்ணட்டும் என்றும் சொன்னார்.

மறுநாள் காலை டீயோடு வந்தான்.

"மனசுல வெச்சுக்காதீங்கக்கா. வேற வழி தெரியல. ஏழாவத மட்டும் பாத்துச் சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

"நான் தூங்கிடுவேன் தம்பி. நீயே எண்ணு."

டீ ஆறியது. அவன் முக்காலியில் உட்கார்ந்தான். பன்னிரண்டாவது நிமிடம் போனைப் பார்த்துச் சிரித்தான். அப்போது மீன் ஏறியது, விழுங்கியது, இறங்கியது. பக்கத்துத் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த அக்காவின் ஈரக் கையில் ஒரு விரல் தானாக மடங்கியது.

அதை நிமிர்த்திவிட்டுத் தொடர்ந்து தேய்த்தாள்.